பதினேழாவது கதையின் திருடன்

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய குற்றக் கதைகள் மொத்தம் பதினெட்டு. பதினேழில் கொலை, ஒன்றில் மட்டும் திருட்டு. கொலைக் கதைகளால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அந்த ஒரு திருட்டுக் கதை எதிர்வீட்டு மாமாவின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது. அதை எழுதியபோது நான் எட்டாம் வகுப்பு. எண்பதுகளின் பின்பாதி. பாடிக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் நடுவில், ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு போர்ஷன். எங்களுடையது இரண்டாவது.

நம் வயதுக்காரர்களுக்குப் பாட்டுப் புத்தகத்தை விளக்க வேண்டியதில்லை. என் பிள்ளைகளுக்கு விளக்கிப் பார்த்துத் தோற்றுவிட்டேன். எட்டுப் பக்கம், மெல்லிய மஞ்சள் தாள், விரலில் ஒட்டிக்கொள்ளும் மை. பஸ் ஸ்டாண்டில் கயிற்றில் தொங்கும். முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம், அதன்பின் பாட்டுகள். கதைச் சுருக்கம் சரியாக ஆபத்தான இடத்தில் நின்றுவிடும்: மீதியை வெள்ளித்திரையில் காண்க. எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டே படம், தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. அதனால் எனக்கு மீதி கிடைத்ததே இல்லை. பாட்டுகள் மட்டும் தாராளமாகக் கிடைத்தன. டீக்கடையில், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில், மாங்காடு கோயிலுக்குப் போகும் பஸ்ஸில். மீதியை நானே எழுத வேண்டியிருந்தது.

எல்லாப் பாட்டிலும் ஒரு குற்றம் ஒளிந்திருக்கிறது என்பது என் அப்போதைய முடிவு. தாலாட்டு என்றால், குழந்தை தூங்கிய பிறகும் அம்மா ஏன் பாடிக்கொண்டே இருக்கிறாள்? வேறு யாரோ தூங்க வேண்டியிருக்கிறது, பாலில் மாத்திரை கலந்திருக்கிறது. மழைப் பாட்டு என்றால் காலடித் தடம் அழிகிறது. உன்னை என்றைக்கும் மறக்க மாட்டேன் என்று ஒருவன் திரும்பத் திரும்பப் பாடினால் அது மிரட்டல். பல்லவி மூன்று முறை வருவதால், பிணத்தை மூன்று பேர் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். முதல் சரணத்தில் காரணம், இரண்டாவது சரணத்தில் தடயம். நடுவில் வயலின்கள் வேகமெடுக்கும் இடத்தில் போலீஸ் ஜீப். இந்த ஒழுங்கை நான் ஒரு கதையில்கூட மீறியதில்லை.

தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் கதைகள் அரங்கேறும். குடங்கள் வரிசையில் நிற்க, பெண்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். என் முதல் ரசிகை கடைசி போர்ஷனில் இருந்த வாட்ச்மேன் வீட்டு அக்கா. அப்பா வேலை பார்த்த பம்ப் கம்பெனியில்தான் அவள் புருஷன் கேட்டில் நின்றார்.

“இன்னாடி, இன்னிக்கு யார சாவடிச்ச?”

“ஒரு டாக்டரை.”

“போன வாரமும் டாக்டருதான?”

“அது பல் டாக்டர்க்கா.”

“சரி, சீக்கிரம் படி. போன தபா பாதில லாரி வந்துட்ச்சு. எவன் கொன்னான்னே தெரியாம கொடத்த தூக்கிகினு ஓடனேன். ரெண்டு நாளு சோறு எறங்கல.”

அம்மாவுக்கு இது பிடிக்காது. “பொட்டப் புள்ளைக்கு வெசம் வெக்கற யோசன எங்கேந்து வருதோ” என்பாள். ஆனால் லாரி வரிசையில் அவளும் காது கொடுத்துக் கேட்பாள். யார் கொலைகாரன் என்று மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடித்து, சொல்லாமல் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

எதிர்வீட்டு மாமா உறவுக்காரர் இல்லை. அப்பாவின் நண்பர். அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அப்பா மெஷின் ஷாப்பில் லேத்தில் கடைந்த சாமான்களை எல்லாம் எண்ணி வாங்கிப் பூட்டி வைப்பது மாமாவின் வேலை. காம்பவுண்டில் இருந்த ஒரே டேப்ரிக்கார்டர் அவருடையது. நீலக்கோடு போட்ட துண்டில் சுற்றி அலமாரி மேல் வைத்திருப்பார். எஸ்டேட் பக்கம் இருந்த ரெக்கார்டிங் கடைக்குப் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மாமாவின் பட்டியலை நான்தான் எழுதுவேன். கூலியாக, அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எந்தப் பாட்டையும் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். நான் கையைத் தூக்கினால் மாமா நிறுத்துவார். எழுதி முடித்துத் தலையை ஆட்டினால் ஓட விடுவார்.

கதையைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைப்பார். “கொல நல்லா கீது கண்ணு. காரணந்தான் பத்தல” என்பார்.

என்னிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று கதை நோட்டு. இன்னொன்று பச்சை அட்டை போட்டது. கதைக்குத் தேவைப்படும் என்று, கண்ணால் பார்த்ததை மட்டும் அதில் எழுதி வைப்பேன். யார் என்ன சட்டை, எத்தனை மணிக்கு என்ன நடந்தது, இப்படி. கதை நோட்டை எல்லோரும் கேட்பார்கள். பச்சை நோட்டை யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷத்து ஆயுத பூஜை. நம் பக்கத்தில் பொங்கலைவிட அதுதான் பெரிய நாள் என்பது உங்களுக்குத் தெரியும். கம்பெனி கேட் எல்லோருக்கும் திறந்திருக்கும். குடும்பத்தோடு உள்ளே போகலாம். அப்பாவின் லேத்துக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பால் போல வெளுத்த கூலன்ட் எண்ணெய் வாசனையும் பொரிகடலை வாசனையும் கலந்து வரும். அந்த வாசனை வேறு எங்கும் கிடையாது. பூஜைப் பொறுப்பு அந்த வருஷம் அப்பாவுக்கு. பாட்டுப் பொறுப்பு மாமாவுக்கு. சாமி பாட்டு இரண்டு முடிந்ததும் சினிமாப் பாட்டுக்கு வந்துவிட்டார். நான்காவது பாட்டில் டேப்ரிக்கார்டர் இழுத்து இழுத்துப் பாடி நின்றுபோனது. மாமா அதைத் துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தார். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த சீசனில் எல்லா டீக்கடையிலும் ஓடிய பாட்டு ஒன்று உண்டு. தன் நெஞ்சைப் பூட்டி வைத்திருந்ததாகவும், திருவிழாக் கூட்டத்தில் அவள் சாவியைத் திருடிக்கொண்டதாகவும், திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை என்றும் ஒருவன் பாடுவான். கூட்டத்தில் திருட்டு, காலியான பெட்டி. பதினேழாவது கதை தானாக வந்து உட்கார்ந்தது. ஒரு கம்பெனி, அதில் ஒரு ஸ்டோர் கீப்பர். பூஜை நாளில் கேட்டில் யாரையும் சோதிக்க மாட்டார்கள். அவர் டேப்ரிக்கார்டரின் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, உள்ளே பித்தளைச் சாமான்களை அடுக்கி, துண்டில் சுற்றி, வாட்ச்மேனிடம் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வெளியே போகிறார். நீலக்கோடு துண்டு வந்தது. சட்டை முனையில் துடைக்கிற கண்ணாடியும் வந்தது. கதைக்கு உயிர் கொடுக்கிறோம் என்று நினைத்தேன். மாமாவுக்கே படித்துக் காட்டினேன். சிரித்தார். “காரணம் சொல்லலியே கண்ணு. எதுக்குத் திருடறான் அந்தாளு?” என்று மட்டும் கேட்டார்.

மாதக் கடைசியில் கம்பெனியில் இருப்பு எண்ணினார்கள். ஸ்டோரில் நூற்றிருபது பித்தளை புஷ் குறைந்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். புஷ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. பம்புக்குள் போகும் ஏதோ பெரிய சாமான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டோரிலிருந்து போனாலும் கேட்டைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்? வாட்ச்மேனுக்குக் கேள்வி மேல் கேள்வி. இரண்டு நாள் முகம் கறுத்துத் திரிந்தார். மூன்றாம் நாள் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“பாப்பா, எங்கூட்டுக்காரி ஒரு கத சொன்னா. நீ எழுதினதாமே. அந்த நோட்ட குடு, பட்ச்சிட்டுத் தரேன்.”

எனக்குப் பெருமை. ஆண் வாசகர் எனக்கு மாமா ஒருவர்தான் இருந்தார், இவர் இரண்டாவது. நோட்டின் தூசியைத் தட்டிக் கொடுத்தேன். பக்கத்தை மடக்காமல் படிக்கச் சொல்லியும் அனுப்பினேன்.

மறுநாள் நோட்டு, கம்பெனியில் ஆட்கள் விவகாரம் பார்க்கிற பர்சனல் ஆபீசர் மேஜைக்குப் போய்விட்டது. வாட்ச்மேன் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கதையைக் கேட்டதும் அவருக்கு நிஜமாகவே ஞாபகம் வந்திருக்கிறது: டேப்ரிக்கார்டர் பாடவில்லை, மாமா இரண்டு கையாலும் தூக்கிப் போனார், கனமாக இருந்த மாதிரிதான் இருந்தது. கம்பெனியிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்து மாமா வீட்டு டேப்ரிக்கார்டரை எடுத்துப் போனார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது என்று மாமாவிடம் காகிதம் கொடுத்தார்கள்.

விசாரணையில் குற்றம் என்று முடிவானால் வேலை போய்விடும். திருடன் என்று எழுதி அனுப்பிய ஆளை எஸ்டேட்டில் வேறு எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தண்ணீர் லாரி வரிசையில் கேட்டுக்கொண்டேன். இப்போது அங்கே யாரும் கதை கேட்கவில்லை. மாமா வீட்டு அத்தையின் குடம் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

அந்தத் தீபாவளிக்கு எதிர்வீட்டில் பட்டாசு இல்லை. அப்பா எதிர்வீட்டுப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். மாமா மேல் கோபம் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். கதை பாட்டிலிருந்து வந்தது, மாமாவிடமிருந்து வரவில்லை என்று ஆபீசரிடம் சொன்னால் போதும்.

“நீ எங்கியும் போவ வேணாம்” என்றார் அப்பா. “பெரியவங்க விசயம். ஆபீசுல பாத்துப்பாங்க.”

அப்பாவின் பேச்சை நான் மீறியது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடம் நான்கு மணிக்கு விடும். நான்கே காலுக்குக் கம்பெனி கேட்டில் இருந்தேன்.

வாட்ச்மேன் என் கண்ணைப் பார்க்கவில்லை. “இன்னா பாப்பா, அப்பாருக்கு ஷிப்டு முடிய நேரம் கீது.”

“அப்பாவைப் பார்க்க வரலை. ஆபீசரைப் பார்க்கணும்.”

“அவுரு உன்னியெல்லாம் பாக்க மாட்டாரு.”

“நிக்கறேன்.”

ஐந்தரைக்கு ஆபீசரின் ஸ்கூட்டர் வெளியே வந்தது. என்னைக் கடந்து போனது. மறுநாளும் நின்றேன். அதற்கு மறுநாளும். பச்சை நோட்டில் மூன்று நாளும் பதிவாகியிருக்கிறது, ஸ்கூட்டர் வந்த நேரத்தோடு. நான்காம் நாள் நல்ல மழை. பாவாடை சட்டையெல்லாம் நனைந்து, புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் தன் கூண்டுக்குள் கூப்பிட்டார். போகவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு அவரே குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸ் கட்டடத்துக்கு நடந்தார்.

திரும்பி வந்து, “போ. கூப்புட்றாரு” என்றார். “சளி புட்ச்சா எம்மேல பழி போட்டுடாத.”

ஆபீசர் வழுக்கைத் தலை, அமைதியான குரல். துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுக்கச் சொன்னார். மேஜை மேல் என் கதை நோட்டு. பக்கத்தில் மாமாவின் டேப்ரிக்கார்டர், துண்டு இல்லாமல். அதைத் துண்டு இல்லாமல் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

“சொல்லும்மா.”

“இந்தக் கதை பாட்டுலேர்ந்து எடுத்தது சார். மாமாகிட்டேர்ந்து எடுக்கலை. அத்தைகிட்ட கேட்டு கேசட் கொண்டாந்திருக்கேன். போட்டுக் காட்டறேன்.”

மின்சார ஒயரைச் செருகி அவரே போட்டார். பாட்டு முழுவதும் ஓடியது. கடைசிப் பல்லவியில் ஆபீசரின் விரல் மேஜையில் தாளம் போட்டதைக் கவனித்தேன்.

“நல்ல பாட்டு. ஆனா இதுல டேப்ரிக்கார்டரே இல்லையேம்மா. பித்தளையும் இல்லை, துண்டும் இல்லை.”

நான் எதிர்பார்க்காத கேள்வி. பாட்டைப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அவர் மேஜையில், ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமாக இருக்குமே, அந்தப் பென்சில் இருந்தது. அந்தக் காலத்து ஆபீசர் எல்லோரிடமும் இருக்கும். அதைக் கேட்டேன். கொடுத்தார்.

“பாட்டுலேர்ந்து வந்ததுக்கெல்லாம் நீலக் கோடு போடறேன் சார். கண்ணால பார்த்ததுக்கு சிவப்பு.”

நின்றுகொண்டே கோடு போட்டேன். பூட்டு, சாவி, திருவிழாக் கூட்டம், காலிப் பெட்டி: நீலம். துண்டு, கண்ணாடி, நின்றுபோன டேப்ரிக்கார்டர், இரண்டு கை: சிவப்பு. இரண்டரைப் பக்கம். முடித்துவிட்டு எண்ணினேன். கோடு விழாத வரிகள் ஏழு. திருட்டு முழுவதும் அந்த ஏழு வரிகளில்தான் இருந்தது.

“இந்த ஏழு?” என்றார்.

“அது நானா செஞ்சது சார்.”

“நீயா செஞ்ச ஏழு வரியால ஒருத்தர் வீட்ல உட்கார்ந்திருக்கார், தெரியுமா?”

“தெரிஞ்சுதான் சார் வந்தேன்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “சரி, கதையை விட்டுடறேன். ஆனா புஷ் காணாமப் போனது கதை இல்லையே. நூத்தியிருபது புஷ் எங்க போச்சு?”

“எனக்குத் தெரியாது சார். புஷ்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது.”

காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்திருந்த ஒரு வளையத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். கட்டைவிரல் உயரம். பித்தளை. கையில் எடுத்தேன். அப்பாவின் விரல்களில் இருக்கும் அதே உலோக வாசனை. வளையத்தின் உள்பக்கத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

“இது சாமி முன்னாடி கோபுரமா இருந்துதே சார்.”

“எந்தச் சாமி?”

“பூஜை அன்னிக்கு. சரஸ்வதி படத்துக்கு முன்னாடி.”

ஆபீசர் அந்த வளையத்தை என்னிடமிருந்து திரும்ப வாங்கிப் பார்த்தார். அன்று ஆரத்தி முடிந்ததும் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது அவரேதான். பிரசாதம் போல. அது அப்போதுதான் அவர் முகத்தில் தெரிந்தது.

“கோபுரத்தை யார் அடுக்கினது?”

பையிலிருந்து பச்சை நோட்டை எடுத்தேன். பக்கம் நினைவிருந்தது, திறக்கத் தேவையே இல்லை. கொஞ்ச நேரம் வேண்டும் என்பதற்காகத் திறந்தேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: ‘சாமி படம் முன் பித்தளைக் கோபுரம். ஏழு அடுக்கு. உச்சியில் எலுமிச்சம்பழம். அப்பா அடுக்கினார்.’

வெளியே மெஷின் ஷாப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்த லேத் அப்பாவுடையது என்று சத்தத்தில் எனக்குத் தெரியாது. தெரிந்தது போலிருந்தது.

யாரோ ஒருவர் என்று சொல்லியிருக்கலாம். ஞாபகமில்லை என்றும் சொல்லியிருக்கலாம். நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். அவரே படித்துக்கொண்டார்.

அப்பாவைக் கூப்பிட்டார்கள். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தவர், ஈரத் துணியோடு நிற்கும் என்னைப் பார்த்தார். ஆபீசர் புஷ்ஷைக் காட்டினார். அப்பா மறுக்கவில்லை.

“நான்தான் சார் ஸ்டோருலேந்து எடுத்தேன். ரெண்டு ட்ரே. ஸ்டோர்காரர் அப்ப பூஜைக்குக் கதவ தொறந்து வெச்சுட்டு, டேப்ரிக்கார்டர் எடுக்க ஊட்டுக்குப் போயிருந்தாரு. சாமிக்கு எதுக்கு ஸ்டோரு சீட்டுன்னு எழுதிப் போடல. பூஜ முட்ஞ்சதும் எல்லாத்தையும் எடுத்து வெச்சுடுன்னு கேன்டீன் மாஸ்டராண்ட சொன்னேன். ஸ்டோருக்குப் போயிட்ச்சுன்னு இருந்தேன்.”

மாமா அன்று திரும்பி வந்து கோபுரத்தைப் பார்த்திருக்கிறார். மெஷின் ஷாப்பில் புதிதாகக் கடைந்த சாமான், இன்னும் ஸ்டோருக்கு வராதது என்று நினைத்திருக்கிறார். இருவரும் ஒரே கோபுரத்தைக் கும்பிட்டிருக்கிறார்கள்.

கேன்டீன் மாஸ்டர் சாவியோடு வந்தார். பூஜைச் சாமான் பெட்டி கேன்டீன் பரண்மேல் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறைதான் இறங்கும். திறந்தபோது கற்பூர வாசனை. விளக்கு, தட்டு, மணி. அடியில் பழைய வேட்டியில் மூட்டையாக, சந்தனப் பொட்டோடு, புஷ்கள்.

“எடுத்து வைன்னாங்க, வெச்சேன்” என்றார் கேன்டீன் மாஸ்டர். “வெளக்கும் பித்தள, மணியும் பித்தள, இதுவும் பித்தள. ஸ்டோரு சாமானா சாமி சாமானான்னு எனுக்கு இன்னா ஜோசியமா தெரியும்?”

எண்ணினார்கள். நூற்றுப் பத்தொன்பது. ஒன்று குறைந்தது. எல்லோரும் ஆபீசர் கையில் இருந்ததைப் பார்த்தார்கள். அவர் அதை மூட்டையில் சேர்த்தார். அப்பாவுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு விஷயம் முடிந்ததற்கு அந்த ஒன்றும் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

வீட்டுக்கு நானும் அப்பாவும் ஒரே குடையில் நடந்தோம். பாடி ரோட்டில் லாரிகள் சேற்றை இறைத்துக்கொண்டு போயின.

“நோட்டுல இருந்தத காட்டின. அது தப்பில்ல” என்றார். பிறகு, “எனுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம் நீ.”

“எனக்கே அங்கதான்பா தெரிஞ்சுது.”

“எனுக்கும் அங்கதான்.”

அன்று அதை நம்பினேன். பல வருஷம் நம்பினேன். அப்பா போன பிறகு பழைய நோட்டுகளை அடுக்கும்போது பச்சை நோட்டைப் படித்தேன். நான் கேட்டில் நிற்கத் தொடங்கியதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு வரி: ‘சாப்பிடும்போது அப்பா கேட்டார், பூஜை சாமானெல்லாம் கேன்டீன்காரன் எங்கே வைப்பான் என்று. அம்மா, எனக்கு எப்படித் தெரியும் என்றாள்.’ எழுதியது நான்தான். புரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. சீட்டு இல்லாமல் எடுத்ததைச் சொல்லப் பயந்து, பெட்டியைத் திறந்து பார்க்கவும் பயந்து, அவர் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பாமல் நடந்திருக்கிறார். அது கோபமில்லை. நான் போகாவிட்டால் அவரே சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார் என்று எழுத ஆசைதான். தெரியாததை எழுதுவதில்லை.

மாமா வேலைக்குத் திரும்பினார். டேப்ரிக்கார்டரும் வீட்டுக்கு வந்தது. ஆனால் அந்த வீட்டின் கதவு சாத்தியே இருந்தது. பாட்டு கேட்கும், மெதுவாக, கதவுக்கு உள்ளே. என்னைப் பார்த்தால் தலையை அசைப்பார். அப்பாவைப் பார்த்தால் அதுவும் இல்லை. வாட்ச்மேன் வீட்டு அக்கா மட்டும் ஒருநாள் லாரி வரிசையில், “இன்னாடி, ஊருல ஒருத்தரும் சாவறதில்லியா இப்ப?” என்று கேட்டாள். நான் எழுதுவதை நிறுத்திவிடவில்லை, இனி எழுதினால் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டுதான் எழுதுவது என்று உறுதி செய்துகொண்டேன். அதற்கு ஒரு சிவப்பு நீலப் பென்சிலும் வாங்கி வைத்தேன். ஆனால் அந்த வாசற்படிப் பாட்டு இல்லாமல் கதை வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்று கம்பெனியில் பேச்சு வந்தபோது, அப்பா, “நானே செய்றேன்” என்றாராம். அன்று காலை ஸ்டோர் சீட்டுப் புத்தகம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நடுவில் கார்பன் தாள் செருகியிருந்தது.

“எழுது. உன் கையெழுத்து நல்லா கீது.”

பித்தளை புஷ், நூற்றிருபது. எடுத்துச் செல்லும் காரணம்: பூஜை. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“யாருக்குக் கொடுக்கறதுன்னு எழுதணும்பா?”

“யார் முன்னாடி அடுக்கறோம்?”

எழுதினேன்: சரஸ்வதி.

“பெற்றுக்கொண்டவர் கையெழுத்து?”

அப்பா பேனாவை வாங்கித் தன் பெயரைப் போட்டார். நிதானமாக, எல்லா எழுத்தும் தெரிகிற மாதிரி.

அந்தச் சீட்டை அவரே மாமாவின் கவுன்ட்டருக்கு எடுத்துப் போனார். நான் பின்னால் நின்றேன். மாமா படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். உள்ளே போய் இரண்டு ட்ரேயைக் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார். மறுநாள் காலை அப்பா ஒவ்வொன்றாக எண்ணித் திருப்பிக் கொடுத்தார். நூற்றிருபது.

“சாமி கரெக்டா திருப்பிக் குடுத்துட்டா” என்றார் மாமா. ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு. அப்பா சிரிக்க முயன்று, முடியாமல், ட்ரேயைத் தட்டிக்கொண்டு நின்றார்.

அன்று மாலை எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. துண்டு விரித்து, அதன்மேல் டேப்ரிக்கார்டர். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். இரண்டு நோட்டும் மடியில், பென்சில் கையில். மாமா புதுக் கேசட்டைப் போடப் போனவர் நிறுத்தினார்.

“எழுதப் போறியா?”

“ஆமா மாமா.”

“அப்ப ஒண்ணு செய்யி கண்ணு. இந்த தபா என்னிய சாவடிச்சுடு. திருடனா மட்டும் போடாத.”

முதல் பத்தியிலேயே கொன்றேன். அந்த வரியின் கீழே கோடு எதுவும் போடவில்லை.